தக்கலையில் இருந்து தொடர் எழுதலாமா?

கேள்வி: இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் இருந்தபடியே நாவலும் தொலைக்காட்சித் தொடரும் எழுதிப் பெயர் பெற்றார். இரண்டு நாவல் எழுதியிருக்கும் நான் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாமா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: வேலையை விடாதீர்கள். அவருடைய ‘விட்டு விடு கருப்பா’ முதலில் நாவல். அதன் பிறகுதான் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர் வரிசையில் ‘விடாது கருப்பு’ ஆனது. அது வாரம் ஒருமுறை வந்த, முடிவு தெரிந்த கதை. இன்று உங்களுக்குக் கிடைக்கக்கூடியது தினசரித் தொடர். அங்கே கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். புதியவருக்குப் பெரும்பாலும் வசனம்தான் கிடைக்கும்.

அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம். அதற்குள் ஏழெட்டு சீன். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னும் பார்ப்பவரை இழுத்து நிறுத்தும் ஒரு கொக்கி. நாவலாசிரியர்கள் தடுமாறுவது இங்கேதான். பாத்திரத்தின் மனதில் ஓடுவதை இரண்டு பக்கம் எழுதிப் பழகிய கை, அதை இன்னொருவரிடம் பேசும் பேச்சாக மாற்றத் திணறும். வியாழக்கிழமை டிஆர்பி இறங்கினால் கதை திரும்பும். நடிகருக்குக் கால்ஷீட் இல்லையென்றால் அவருடைய சீன் முந்தின இரவில் மாறும். வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் யூனிட்டுக்குப் பழகிய எழுத்தாளருக்கே அந்தச் சலுகை. ஆகவே வசனம் எழுத ஆசையென்றால் சென்னைவாசம் தவிர்க்க முடியாதது. கதை கொடுக்க ஆசையென்றால் தக்கலையே போதும்.

கதை கொடுக்கும் வழி இது: நாலு வரியில் கதைச்சுருக்கம், முக்கியப் பாத்திரங்களுக்கு ஆளுக்கு அரைப்பக்கம், முதல் 25 எபிசோடுக்கு ஒன்லைன் (ஒவ்வொன்றிலும் நடப்பது ஒரு வரியில்), முதல் மூன்று எபிசோடுக்கு முழு வசனம். இரண்டு வீடு, ஒரு கடை, ஒரு கோயில், இவ்வளவுக்குள் ஓடுகிற கதையாக இருக்கட்டும். குளச்சல் கடலில் படகு கவிழும் காட்சியை முதல் வாரத்தில் வைத்தால் செலவுக்குப் பயந்தே ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் பக்கத்து விளவங்கோட்டு வட்டாரப் பேச்சை நாவலில் தாராளமாக எழுதுங்கள். தொடரில் அது நடிகரின் வாயில் நிற்க வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு இதில்தான் கவலை அதிகம். ஆட்களைச் சந்திக்கும் முன் கதையைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியுங்கள். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். பதியாவிட்டாலும் உரிமை உங்களுடையதே. ஆனால் தகராறு வந்தால் காட்ட ஒரு தாள் வேண்டாமா?

உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு. எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். வேறு நிபந்தனை இல்லாமல் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும். இந்தப் பாதுகாப்புகளில் முதல் இரண்டையும் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவிலும்’ என்ற ஒரே வரி அழித்துவிடும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சித் தொடர் உரிமையை மட்டும் கொடுங்கள். புத்தகம், சினிமா, ஓடிடி மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். டைட்டிலில் பெயர் எப்படி வரும், எத்தனை எபிசோடுக்கு ஒருமுறை பணம் வரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.