ஹோண்டா சிட்டி விடெக் காருக்குப் புது ஹெடர் வாங்கியிருக்கிறேன். மாட்டும் முன் செராமிக் கோட்டிங் போட வேண்டுமா?

கேள்வியின் விவரம் இது: 2002 மாடல் சிட்டி 1.5 விடெக், ஓடுவது சென்னையில். கோவையில் ஒரு பட்டறையில் 4-2-1 ஹெடர் (நாலு சிலிண்டரின் புகைக்குழாய்களும் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் எக்ஸாஸ்ட் அமைப்பு) செய்து வாங்கியாயிற்று, இன்னும் மாட்டவில்லை. கோட்டிங் போடாமல் மாட்டாதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஹெடர் விலையில் பாதி கேட்கிறார்கள். தேவைதானா? கழற்றும் பழைய மேனிஃபோல்டை, அதாவது கம்பெனி மாட்டித் தந்த எக்ஸாஸ்ட் குழாயை, என்ன செய்வது?

நானும் அதே வண்டிதான் வைத்திருக்கிறேன். என் ஹெடர் கோட்டிங் இல்லாத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய், அதன்மேல் தகடு ஒன்று. கூடவே சுற்றும் நண்பர் ஒருவரின் வண்டியில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) ஹெடர், வெள்ளி நிறக் கோட்டிங்கோடு. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குழாய் எம்.எஸ். என்றால் கோட்டிங் போடுங்கள், ஆனால் துருவுக்காகப் போடுங்கள். உண்மையான 304 கிரேடு எஸ்.எஸ். என்றால் அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று செய்து மாட்டிவிட்டு மீதியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறன் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

குழாய் என்ன உலோகம் என்று நீங்கள் எழுதவில்லை. முடிவே அதில்தான் இருக்கிறது. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் எம்.எஸ். அல்லது 409 கிரேடு எஸ்.எஸ். இந்த 409-ல் குரோமியம் 11 சதவீதம்தான். நிறைய கம்பெனி சைலன்சர்கள் இதில்தான் வருகின்றன. மேலாகப் பழுப்பேறுமே தவிர, எளிதில் ஓட்டை விழாது. நம் ஊர்ப் பட்டறைகளில் கையால் செய்யும் ஹெடருக்கு 409 குழாய் கிடைப்பது அபூர்வம், எனவே காந்தம் ஒட்டினால் எம்.எஸ். என்றே வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணி ஒன்றை ஓர் இரவு சுற்றி வையுங்கள். எம்.எஸ். காலையில் சிவந்திருக்கும்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் உடனே 304 என்று நம்பிவிடாதீர்கள். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடிக்கெல்லாம் போகும் 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், விலையும் குறைவு. பளபளப்பில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எஸ்.எஸ். வியாபாரிகளிடம் சொட்டு மருந்து மாதிரி ஒரு திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்துச் சோதிக்கும் கிட் இருக்கும். சொட்டு விட்ட இடம் சிவந்தால் மாங்கனீசு அதிகம், அதாவது 202. ஒரு நிமிட வேலை, தெரிந்த கடையில் சும்மாவே பார்த்துக் கொடுப்பார்கள். 202 என்று தெரியவந்தால் கோட்டிங் பற்றி யோசிப்பதற்கு முன் பட்டறைக்காரரிடம் விலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 800 டிகிரி வரைக்கும் செதில் உரியாமல் தாங்கும். டர்போ இல்லாத இந்த எஞ்சினில், ரோட்டில் ஓட்டும் ஓட்டுக்குக் குழாய்ச் சுவர் அந்த அளவு சூடாவதில்லை. முதல் வாரத்திலேயே பொன்னிறமாகும், அப்புறம் நீலம் பாயும். அது மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு, சேதம் கிடையாது. அது ஒரு அழகு என்று நினைப்பவன் நான். பிடிக்காதவர்கள் உண்டு, அவர்கள் கோட்டிங் போட அது ஒரு நியாயமான காரணம்தான்.

304-க்குப் பலவீனம் வெல்டிங் ஓரத்தில் இருக்கிறது. 450-லிருந்து 850 டிகிரிக்குள் நெடுநேரம் கிடந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும், அந்த ஓரம் துருவுக்கு இடம் கொடுக்கும். கார்பன் குறைந்த 304எல் குழாய் அதனால்தான் நல்லது. எந்தக் கோட்டிங்கும் இதைத் தடுக்காது. ஆர்கான் வெல்டிங்கில், குழாய்க்கு உள்ளேயும் வாயு விட்டுச் செய்தார்களா என்று கேளுங்கள். உள்பக்கம் வெல்டிங் கோடு கறுத்துப் பொரிந்திருந்தால் விடவில்லை என்று பொருள்.

இனி சூடு. இந்த வண்டியில் எக்ஸாஸ்ட் எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. ஏசி கம்ப்ரஸரும் அதே பக்கம் கீழே உட்கார்ந்திருக்கிறது. மே மாதத்தில் கத்திப்பாரா சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று ஹெடரைத் தொட்டுச் சூடேறி எஞ்சின் மேலாகப் போகிறது. பழைய காஸ்ட் அயர்ன் மேனிஃபோல்டுக்கு மேலே ஹோண்டாக்காரன் தகடு போட்டு மூடியிருந்தது சும்மா இல்லை. ஹெடர் மாட்டும்போது அந்தத் தகடு பொருந்தாது, கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். "ஹெடர் போட்டதும் பானெட் கொதிக்குது" என்று வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

இந்தச் சூட்டைக் கோட்டிங் எவ்வளவு தடுக்கும்? இங்கேதான் விற்பவர் பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் செராமிக் கோட்டிங்கின் தடிமன் 25 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூடத் தாண்டாது. செராமிக் என்னதான் வெப்பத்தைக் கடத்தத் தயங்கினாலும் அவ்வளவு மெல்லிய படலத்தால் பெரிய தடுப்பு எதுவும் வராது. அது செய்யக்கூடிய உபகாரம் வேறு வழியில் வருகிறது. 450 டிகிரியில் இருக்கும் குழாய், வண்டி நிற்கும்போது, தன் சூட்டில் பாதிக்கு மேல் கதிர்வீச்சாகத்தான் வெளியே தள்ளுகிறது. துருவேறிய, கறுத்த உலோகம் தாராளமாகக் கதிர்வீசும். பளபளக்கும் வெள்ளி நிறப் பரப்பு அதில் பாதிதான் வீசும். அதனால் அலுமினியம் கலந்த வெள்ளி நிறக் கோட்டிங் ஓரளவு உதவும். மேட் கறுப்புக் கோட்டிங் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கவும் செய்யும். ஆனால் கதிர்வீச்சு விஷயத்தில் அதனால் பெரிய லாபம் இல்லை. வெள்ளிக்கும் ஒரு குறை உண்டு: 700 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் மங்கிவிடும். ரோட்டு வண்டிக்கு அது போதும். டர்போவோ ரேஸோ என்றால் போதாது.

தடிமனாகப் போடும் வகையும் இருக்கிறது. சிர்க்கோனியாவைப் பிளாஸ்மாவில் உருக்கித் தெளிப்பார்கள். இங்கிலாந்தின் சிர்க்கோடெக் அதில் பெயர் பெற்றது. அணுசக்தி ஆய்வுப் பின்னணியில் பிறந்து ஃபார்முலா ஒன் வரைக்கும் போன தொழில்நுட்பம் அது. அதன் படலம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும், வெப்பத்தை நிஜமாகவே தடுக்கும். உங்கள் பழைய சிட்டிக்கு அந்தச் செலவைச் சொன்னால் வீட்டில் யாரும் உங்களோடு பேசமாட்டார்கள்.

பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கும் ஒரு தகடு இந்த வேலையை மிக மலிவாகச் செய்துவிடுகிறது. குழாயைப் போலவே கறுத்த தகடாக இருந்தாலும் கதிர்வீச்சைப் பாதியாக்கும். பளபளப்பான அலுமினியமோ எஸ்.எஸ்.ஸோ என்றால் அதைவிட நன்றாகக் குறைக்கும். இடையில் காற்று ஓடும், அதனால் தகடு தானும் அவ்வளவு சூடாகாது. டிங்கரிங் கடையில் அட்டையில் மாதிரி வெட்டிக் கொடுத்தால் தகட்டை வளைத்துத் தந்துவிடுவார்கள். ஹெடரில் அதைப் பிடிக்க நாலு இடத்தில் எம்6 நட்டு வெல்டிங் செய்ய வேண்டும். ரேடியேட்டர் பக்கம் ஒன்று, கம்ப்ரஸருக்கு மேலே சின்னதாக ஒன்று, இந்த இரண்டே போதும். ஆக்சிஜன் சென்சாரின் வயர் தகட்டின் விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறன் கதைக்கு வருவோம். வாயு சூடாகவே இருந்தால் வேகமாக வெளியேறும், எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்பது தத்துவமாகச் சரி. ஆனால் 106 குதிரைத்திறன் எஞ்சினில் அதனால் வரக்கூடிய வித்தியாசம், ஒரே வண்டியைக் காலையிலும் மதியமும் டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) ஏற்றினால் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று குளிர்ந்திருப்பது இதைவிட முக்கியம். அந்தக் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும். ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள்ளேயே திறந்து கிடக்கும் கூம்பு வகை என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

சரி, காந்தம் ஒட்டி, எம்.எஸ். என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் தயங்காமல் கோட்டிங் போடச் சொல்வேன். சென்னையின் உப்புக்காற்று ஒரு பக்கம், முன்பக்கம் இருக்கும் ஹெடர்மேல் மழைநீர் தெறிப்பது மறுபக்கம். வெறும் எம்.எஸ். 500 டிகிரியைத் தாண்டும்போது செதில் செதிலாக உரியத் தொடங்கும். உள்ளே உரியும் செதில் நேராகப் பின்னால் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகும். அதனால் எம்.எஸ். என்றால் உள்ளும் வெளியும் கோட்டிங் போட வேண்டும். வெளியே மட்டும் போடுவது பாதி வேலை. நண்பரின் ஹெடர் இன்றைக்கும் துருப்பிடிக்காமல் இருக்கிறது, எஞ்சினோடு சேரும் போர்ட் பக்கத்தில் மட்டும் நிறம் மங்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "ஹீட் கோட்டிங்" என்று போர்டு வைத்துக்கொண்டு பவுடர் கோட்டிங் அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பவுடர் கோட்டிங் 180, 200 டிகிரி அடுப்பில் உருகிப் பிடிப்பது. ஹெடரில் அது முதல் நாளே கருகி நாறும். எத்தனை டிகிரி தாங்கும், எந்த கம்பெனி சரக்கு, முன்னால் அலுமினியம் ஆக்சைடு மணலால் பிளாஸ்டிங் செய்வீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். பிளாஸ்டிங் இல்லாமல் வெறுமனே துடைத்துவிட்டு அடிக்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எஸ்.எஸ்.ஸில் இது இன்னும் முக்கியம். சூட்டில் 304 எம்.எஸ்.ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும், செராமிக் அவ்வளவு நீளாது. பிடிப்பு சரியில்லாவிட்டால் உரிந்துவிடும். ஜிங்க் பூச்சு, அதாவது கால்வனைசிங், செய்துதருகிறேன் என்று யாராவது கிளம்பினால் வேண்டவே வேண்டாம். சூட்டில் துத்தநாகப் புகை வரும், அது உடம்புக்கு ஆகாது.

கையில் பணம் இல்லை, குழாயோ எம்.எஸ். என்றால், பாய்லர் புகைபோக்கிகளுக்கு அடிக்கும் 600 டிகிரி அலுமினியம் பெயின்ட் பெரிய பெயின்ட் கடைகளில் கிடைக்கும். செராமிக் அளவுக்கு உழைக்காது. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை தேய்த்து மறுபடி அடித்துக்கொண்டே போகலாம். ஃபைபர் துணியைச் சுற்றும் வழக்கத்தை மட்டும் எம்.எஸ். குழாய்க்குச் சொல்லமாட்டேன். சூட்டை நன்றாகவே அடக்கும், சந்தேகமில்லை. ஆனால் மழையில் நனைந்த துணி குழாயோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் ஒழுகி அதில் ஊறினால் தீ அபாயமும் உண்டு.

எந்த வழியில் போனாலும் வரிசை மாறக்கூடாது. முதலில் ஹெடரை எஞ்சினில் வைத்துப் பாருங்கள். ஃபிளான்ஜ் (எஞ்சினோடு போல்ட் போட்டுச் சேரும் பட்டை) சமமாக உட்காருகிறதா, கம்ப்ரஸரிலோ கிராஸ்மெம்பரிலோ (அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம்) இடிக்கிறதா, சென்சார் மரை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தகடு பிடிக்கும் நட்டுகளையும் வெல்டிங் செய்து முடித்துவிடுங்கள். கோட்டிங் கடைசியில்தான் வர வேண்டும். அதற்குப் பிறகு வெல்டிங் கம்பி பட்டால் அந்த இடம் முழுக்க எரிந்துபோகும், ஒட்டுப்போட முடியாது. ஃபிளான்ஜ் முகம், சென்சார் மரை, பின்னலாக இருக்கும் ஃபிளெக்ஸ் பகுதி இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். புது கேஸ்கெட் போட்டு மாட்டியதும் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு முழுக்க ஆறவிடுங்கள், இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம். நட்டுகளை ஆறின எஞ்சினில் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

பழைய மேனிஃபோல்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2002 வண்டி என்பதால் ஆர்.சி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கட்டத்தில் இருக்கிறது, அதற்கு எஃப்.சி. பார்க்க வண்டியைக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பது பற்றியது, ஆய்வாளர் ஹெடரைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். கன்வெர்ட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். அது இருக்கும்வரை புகைச் சோதனையில் பிரச்சினை வருவதில்லை. மேனிஃபோல்டையும் அதன் தகட்டையும் போல்ட்டுகளையும் எண்ணெய் தடவி ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டி, மேலே "சிட்டி" என்று எழுதி வையுங்கள். நம் ஊரில் இந்த வண்டிக்கு நல்ல தகடு இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை.