மாவைப் பிசைந்துவிட்டுத் திகைத்து நிற்கும் அம்மா

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 67 வயது. கொழுந்து பறித்து எங்களை வளர்த்தவர். பிரஷர் இருக்கிறது. போன வருடம் இலேசாகப் பாரிசவாதம் வந்து தேறினார். பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் ரொட்டி சுடப் போனால் பாதியில் நின்றுவிடுகிறார். கேட்டால் கோபம், சில நேரம் அழுகை. வேண்டுமென்றே செய்கிறார் என்கிறார் அண்ணி. கிளினிக்கில் வஸ்குலர் டிமென்ஷியா என்றார்கள். நாங்கள் என்ன செய்வது?"

சகோதரி, முதலில் அண்ணியை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: அம்மா நடிக்கவில்லை.

டிமென்ஷியா என்றாலே மறதி என்று நினைக்கிறோம். இந்த வகையில் ஆரம்பத்தில் மறதியை விடத் தடுமாற்றமே அதிகம் தெரியும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபட்டோ குறுகியோ போவதால் அதன் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு பழுதாகிறது. யோசனை மந்தமாகிறது. ஒரு வேலையை வரிசைப்படி செய்து முடிப்பது மலையேறுவது போலாகிறது.

ரொட்டியையே பாருங்கள். தேங்காய் துருவ வேண்டும், மாவில் உப்புச் சேர்க்க வேண்டும், தண்ணீரைப் பதமாக ஊற்றிப் பிசைய வேண்டும், அதற்குள் கல் காய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அம்மாவின் கைக்குத் தெரியும். அடுத்தது எது என்பதுதான் நழுவுகிறது. அந்த நேரத்தில் ஆளுக்கொன்று சொன்னால், பக்கத்தில் தொலைக்காட்சியும் அலறினால், பிடித்திருந்த நூலும் அறுந்துவிடும். தேவையான பொருட்களை மட்டும் முன்னால் வையுங்கள். "அம்மா, உருண்டை பிடியுங்கள்" என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். மெதுவாகச் செய்கிறார் என்று வேலையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். விறகடுப்பருகில் மட்டும் தனியே விடாதீர்கள்.

சட்டென்று வரும் அழுகையும் நோயின் வேலையாக இருக்கலாம். நடை தளரலாம், சிறுநீர் அவசரமாக முட்டலாம். லயத்துக் கழிப்பறை வெளியே இருந்தால், இரவில் வழிக்கு வெளிச்சமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வேண்டும். சேமலாப நிதிப் பணம் மிச்சமிருந்தால், கடன், அடகு என்று அவர் கையெழுத்திடும் இடத்தில் வீட்டார் ஒருவர் கூட இருக்கட்டும்.

இழந்ததை மீட்டுத் தரும் மருந்து இன்று இல்லை. ஆனால் இந்த நோய் பலருக்கு ஒரே சரிவாக இறங்குவதில்லை. சில காலம் அப்படியே நின்று, திடீரென்று ஒரு படி இறங்கும். அந்த அடுத்த படி பெரும்பாலும் இன்னொரு பாரிசவாதம்தான். அதைத் தள்ளிப்போட முடியும் என்பதால்தான் பிரஷர் மாத்திரையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். பிரஷர் இறங்கிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போட்டதால்தான் அது இறங்கியது! ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போனாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். கருவாட்டு உப்பையும் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் குறையுங்கள். தைராய்டு, பி12 சத்து ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். அவற்றின் குறை தடுமாற்றத்தைக் கூட்டும், அதற்கு மருந்தும் உண்டு.

வாய் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம்; விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலைப் பாதையில் அதில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அம்மா கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.