டோவில்: மூன்றாம் வருடத்தில் தெரியும் வண்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாசி மலைச்சாலையைப் பற்றி நீங்கள் எழுதியபோது போகிற போக்கில் "என் டோவில்" என்று ஒரு வார்த்தை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் புதுச்சேரிக்காரன். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. சேன் பியேரில் இருக்கிறேன். என் மாமனார் லெ கோல் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய ஹோண்டா டோவில் 650 மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. 2004ஆம் வருடத்து வண்டி, 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

எனக்கு அந்த வண்டி பிடித்திருக்கிறது. ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் அதைக் கூரியர்காரன் வண்டி, தாத்தா வண்டி என்கிறார்கள். விற்றுவிட்டு டோவில் 700ஐ வாங்கு, இல்லை ஹோண்டாவின் புது என்டி 1100 வாங்கு என்கிறார்கள். நான் பாசத்தில் ஏமாந்துபோகிறேனா? இந்த வண்டியில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சாமான் பெட்டிகளில் இடது பெட்டி மூடியில் நீளமாக ஒரு கீறல். வண்ணம் அடித்துவிடலாமா?

— ஒரு வாசகர், சேன் பியேர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மாமனார் தவறியது வருத்தமாக இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காமலே 86,000 என்று எழுதியிருக்கிறீர்கள். டோவில் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். பெட்ரோல் பங்கில் இன்னொரு டோவில்காரரைப் பார்த்தால் எவ்வளவு வேகம் போகும் என்று யாரும் பேசுவதில்லை, எவ்வளவு ஓடியது என்றுதான் பேச்சு தொடங்கும். என்னுடையது 1999 மாடல். 2006இல் 41,000 கிலோமீட்டரில் வாங்கினேன். இன்று காலை பார்த்தபோது 1,72,000ஐத் தாண்டியிருந்தது.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்த வண்டியில் நிறைய இருக்கிறது. ஆனால் அது முதல் வாரத்தில் தெரியாது. பத்திரிகையில் வண்டியைச் சோதித்து எழுதுகிறவர் கையில் அது இருப்பது சில நாள்தான். அந்தச் சில நாளில் 56 குதிரைத்திறன் குறைவாகத் தெரியும், ஐந்தே கியர் என்பது தெரியும், பெட்ரோல் நிரப்பினால் 240 கிலோவைத் தாண்டும் எடை தெரியும். இங்கிலாந்தில் இதற்கு 'டல்ஸ்வில்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள், மந்தமான ஊர் என்று அர்த்தம். நார்மண்டியில் குதிரைப் பந்தயத்துக்கும் சூதாட்ட விடுதிக்கும் பேர்போன கடற்கரை ஊர் டோவில். அந்தப் பெயரை வைத்த வண்டிக்கு இப்படி ஒரு பட்டம். ஆனால் லண்டனிலும் பாரிஸிலும் நாள் முழுக்க ஓட்டிப் பிழைக்கிற கூரியர்காரர்கள் இதைத்தான் தேடி வாங்கினார்கள். உங்கள் நண்பர்கள் கேலியாகச் சொல்லும் 'கூரியர்காரன் வண்டி' என்பதை நான் நற்சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகிறவன் எதை வாங்குகிறான் என்று பார்த்தாலே போதும்.

இதன் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா 1998இல் டோவிலைக் கொண்டுவந்தது. ஸ்பெயினில் பார்சலோனா பக்கத்தில் மோன்டேசா ஹோண்டா தொழிற்சாலையில் செய்தார்கள். எஞ்சின் அதற்குப் பத்து வருடம் முந்தியது: 647 சிசி, நீரால் குளிரும் 52 டிகிரி வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டரும் 'வி' எழுத்து மாதிரி விரிந்து நிற்கும். இரண்டு சிலிண்டரை இவ்வளவு நெருக்கி வைத்தால் எஞ்சின் உதறும். அதற்காக கிராங்க் தண்டில் பிஸ்டன்கள் இணையும் இரண்டு ஊசிகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் கொஞ்சம் விலக்கி வைத்தார்கள். ஒன்றின் உதறலை மற்றொன்று அடக்கிவிடும். கை மரத்துப்போகாமல் மூன்று மணி நேரம் ஓட்ட முடிவதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் ஷாஃப்ட், செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுற்றும் தண்டு. நம் தீவில் இந்த வண்டியின் பாதி மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பேன். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றிவிட்டு வரும் நர்ஸ் வேலை எனக்கு. வீடு சேன் அந்த்ரேயில். காலை ஐந்தரைக்குக் கிளம்பி சலாசி பக்கம் ஏறுவேன். அந்தச் சாலையில் ஓர் இடத்தில் அருவியே வண்டி மேல் விழும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு வைத்திருந்த வண்டி செயின் வண்டி. சனிக்கிழமை சாயங்காலம் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து எண்ணெய் போடுவேன். திங்கட்கிழமை மழையில் அது கழுவிப் போய்விடும், புதன்கிழமை செம்பட்டையாக நிற்கும். வாரத்தில் ஒரு நாள் சேன் தெனி தாண்டி லா பொசெசியோன் வரை வேலை இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல் என்று கிடக்கும் பழைய கடலோரச் சாலை. அலை பெரிதாக இருக்கும் நாளில் உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். 2022 ஆகஸ்டில் கடலுக்குள்ளேயே தூண் நட்டு 5.4 கிலோமீட்டர் பாலம் திறந்தார்கள். கல் விழும் பயம் குறைந்தது, உப்புக் காற்று அப்படியேதான் இருக்கிறது. டோவிலில் செயின் கிடையாது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கின்றன. அந்த எண்ணெயும் ஒரு டம்ளர் அளவுகூட வராது. இதை வாங்கியதிலிருந்து என் சனிக்கிழமை சாயங்காலம் என்னுடையதாக இருக்கிறது. சோதனை ஓட்டம் எழுதுகிறவரால் இதை எப்படி எழுத முடியும்?

ஆனால் ஷாஃப்ட் இருக்கிறதே என்று எதையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பழைய டோவிலில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. பின்சக்கரம் அந்தத் தண்டின் பெட்டியோடு சேரும் இடத்தில் சுற்றிலும் பல்வரிசை இருக்கும், ஸ்பிளைன் என்பார்கள். ஒவ்வொரு தடவை பின் டயர் மாற்றும்போதும் அதைத் துடைத்து, தேய்மானத்தைத் தடுக்கும் மாலிப்டினம் பசை தடவ வேண்டும். டயர் கடையில் பெரும்பாலும் செய்யமாட்டார்கள், நாம் கேட்க வேண்டும். நான் வாங்கிய முதல் மாதம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பசை இருந்த இடத்தில் செங்கல் தூள் மாதிரி காய்ந்த துரு. பழைய வேட்டித் துணியைப் பெட்ரோலில் நனைத்துப் பல் பல்லாகத் துடைத்தேன். துணி மூன்று தடவை செம்மண் நிறமானது. அதற்கு அப்புறம்தான் உலோகம் தெரிந்தது. பல்லின் தலை தட்டையாக இருந்தால் நல்லது. மீன் முள் மாதிரி கூராகிப் போயிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையது தட்டையாக இருந்தது. கறுப்பும் வெள்ளியும் கலந்த அந்தப் பசையைச் சின்ன பிரஷ்ஷால் தடவிச் சக்கரத்தை மாட்டும்போது இருந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது. உங்கள் மாமனார் கடைசியாக எப்போது செய்தார் என்று தெரியாது என்றால் இதை முதலில் செய்யுங்கள்.

வால்வு இடைவெளியையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சிலிண்டருக்கு மூன்று வால்வு. திருகையும் நட்டையும் திருப்பினால் போதும், ஷிம் என்கிற சின்ன உலோக வில்லையை மாற்றும் வேலை இல்லை. உள்ளே விடும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், வெளியே விடும் வால்வுக்கு 0.20. எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். முன்பக்க மூடியைக் கழற்றத்தான் பொறுமை வேண்டும். அப்புறம் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துச் சார்ஜ் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். இருபது வயது ஆன எந்த வண்டிக்கும் இது தேவை.

குறைகளையும் மறைக்க மாட்டேன். என்னுடையதில் பெட்டிகள் சின்னவை, முகம் மூடும் ஹெல்மெட் உள்ளே போகாது. 2002இல் பெட்டியைப் பெரிதாக்கினார்கள், அதனால் உங்களுடையது தேவலை. பெட்டி உடம்போடு சேர்ந்தது, கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது. முதலில் எனக்கும் அது எரிச்சலாக இருந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. வண்டியின் அகலம் எப்போதும் ஒன்றே, சந்தில் நுழையும்போது மனக்கணக்கு மாறாது. வலது பெட்டியில் ஊசி, பஞ்சு, ஐஸ் வைத்த மருந்து டப்பா. இடது பெட்டியில் மழைக்கோட்டு. காலையில் எதை மறந்தோம் என்ற யோசனையே இல்லை. சிலாவோஸ் மலையூருக்குப் போய் வந்தால் மட்டும் மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் அங்கே விளையும் பருப்பு இரண்டு கிலோ சேர்ந்துகொள்ளும். அந்தப் பருப்பில் சாம்பார் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காரைக்காலில் என் அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன், துவரம்பருப்பு வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

சிலாவோஸ் உங்கள் பக்கம்தான், சேன் லூயியிலிருந்து ஏறினால் போதும். நானூறு வளைவு என்று பேர் வாங்கிய சாலை. ஒற்றை வண்டி மட்டும் போகும் சுரங்கங்கள், ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் மூக்கை நீட்டும் பஸ். வேக வண்டி வைத்திருக்கும் நண்பர்களை அங்கே கூப்பிட்டுப் போங்கள். அவர்களுடைய நூறு குதிரைத்திறனுக்கு அங்கே வேலை இல்லை. டோவிலை இரண்டாவது கியரில் போட்டுவிட்டால், ஆக்சிலரேட்டரைத் திறப்பதும் மூடுவதும்தான் உங்கள் வேலை. கீழ் வேகத்திலேயே இழுவை கிடைக்கிறது. மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தால் அவர் தலை உங்கள் தலையில் இடிக்காமல் வளைவுகள் வந்துபோகும். அதே வண்டி தமரின் நெடுஞ்சாலையில் 110இல் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், ஆறாவது கியர் இல்லையே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. தொட்டியில் 19 லிட்டர் பிடிக்கும். தீவைச் சுற்றி வர சுமார் 210 கிலோமீட்டர். ஒரு தடவை நிரப்பினால் ஒன்றரைச் சுற்று சுற்றிவிடலாம்.

700ஐப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2006இல் வந்தது, 680 சிசி, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன். முன் கண்ணாடியை ஏற்றி இறக்கலாம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு வழி விட்டிருப்பார்கள், நீளமான பொருள் வைக்கலாம். நல்ல வண்டி. எரிமலைப் பக்கம் 2,300 மீட்டருக்கு ஏறும்போது வித்தியாசம் தெரியும். உயரத்தில் காற்று மெலியும், கார்புரேட்டர் அது தெரியாமல் பழைய கணக்கில் பெட்ரோல் விடும், நம் 650 கொஞ்சம் சோர்ந்துபோகும். 700 சமாளித்துக்கொள்ளும். அதற்காக இருக்கிற வண்டியை விற்கத் தேவையில்லை. நீங்கள் மாதம் எத்தனை தடவை எரிமலைக்குப் போகிறீர்கள்?

என்டி 1100 வேறு குடும்பம். டோவிலை ஹோண்டா நிறுத்தி வெகுநாள் கழித்து, 2022இல், டோவிலின் மாடல் பெயரில் இருந்த 'என்டி' என்ற அதே இரண்டு எழுத்தோடு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர், நூறு குதிரைத்திறன், ஆறு கியர். பின்சக்கரத்துக்குச் செயின்தான் போகிறது. பெயரைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் ஷாஃப்ட்டைக் கொண்டுவரவில்லையே என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஏமாந்துபோகிறேனா என்று கேட்டீர்கள். ஹெல்பூர் போகும் வழியில் ஒரு பாட்டி இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். இங்கே மலபார் என்று சொல்லும் நம் வம்சம். கொள்ளுப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். பாட்டிக்குத் தமிழில் வணக்கம் ஒன்றுதான் தெரியும், மற்றதெல்லாம் கிரியோல். எட்டு வருடமாக தினமும் காலையில் அவருக்கு இன்சுலின் போடுகிறேன். நான் வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, டப்பாவை எடுத்து உள்ளே போவதற்குள் ரவிக்கைக் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மேஜையில் காப்பியும் ஊற்றி வைத்திருப்பார். கீழ் வளைவில் திரும்பும்போதே எஞ்சின் சத்தம் கேட்டுவிடுமாம். வி-ட்வினின் அந்த ஒன்றரைத் தாளச் சத்தம் அவர் வீட்டுக் கடிகாரம். இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் டயரில் ஆணி ஏறி, என் தம்பியின் வண்டியில் போனேன். காப்பி ஊற்றியிருக்கவில்லை. அன்று நர்ஸ் வரவில்லை என்றே நினைத்திருந்தார்.

லெ கோலில் ஷிஃப்ட் வேலை பார்த்த மனிதரின் வண்டி எந்த நேரத்தில் வளைவில் திரும்பும் என்று உங்கள் மாமியார் வீட்டுத் தெருவுக்கும் தெரிந்திருக்கும். அதனால் கீறல் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மூடி பழைய சாமான் கடையில் தனியாகவே கிடைக்கும், நிறம் பொருந்தினால் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் வண்ணம் அடிப்பதற்கு முன்னால் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கீறல் எங்கே, எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மாற்று என்றால் மாற்றிவிடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பிரான்சில் 2024 ஏப்ரலிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும் தகுதிச் சோதனை உண்டு, நமக்கும்தான். மாமனார் செய்து வைத்திருக்கிறாரா என்று காகிதங்களில் பாருங்கள். பிரேக், விளக்கு, டயர் சரியாக இருந்தால் இந்த வண்டிக்குப் பிரச்சினை வராது.

ஏப்ரலில் மழை குறையட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளேன் தெ கஃப்ர் வழியாக மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வாருங்கள். மேலே 1,600 மீட்டரில் பனி இறங்கியிருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள், அப்பா வண்டியின் பின்சீட்டில் அந்தச் சாலை அவருக்குப் புதிதாக இருக்காது. சாப்பிட்டு முடித்ததும் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடலாம். மாலிப்டினம் பசை என்னிடம் அரை டப்பா இருக்கிறது, பழைய வேட்டியும் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்
சேன் அந்த்ரே