நேரியல் இயற்கணிதம்: எந்தப் புத்தகத்தை எடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் டூவில் அணிகளும் அணிக்கோவைகளும் நன்றாகவே போட்டேன். இப்போது வேலை பார்த்துக்கொண்டே மெஷின் லேர்னிங் கற்கிறேன். லீனியர் அல்ஜீப்ரா இல்லாமல் முடியாது என்கிறார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

பதில்: கில்பர்ட் ஸ்ட்ராங் எழுதிய ‘இன்ட்ரடக்‌ஷன் டு லீனியர் அல்ஜீப்ரா’. ஏன் என்பதை ஓர் அணியை வைத்தே பார்த்துவிடலாம். முதல் நிரை 1, 2, 3. அடுத்தது 4, 5, 6. கடைசி 7, 8, 9.

பிளஸ் டூ முடித்த கை உடனே அணிக்கோவையைப் போடும். விடை 0. நேர்மாறு கிடையாது, கிராமர் விதி செல்லாது. பிறகு தரம் (ரேங்க்) கண்டுபிடித்து, சமன்பாடுகள் ஒருங்கமைவு உடையவையா என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும்.

ஸ்ட்ராங் அதே அணியின் நிரல்களைப் பார்க்கச் சொல்கிற வகையைச் சேர்ந்தவர். முதல் நிரலையும் மூன்றாம் நிரலையும் கூட்டுங்கள். இரண்டாம் நிரலின் இரு மடங்கு கிடைக்கும். அப்படியானால் மூன்று நிரல்களும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. வலப்பக்கம் (1, 1, 1) என்றால், அது இரண்டாம் நிரலிலிருந்து முதல் நிரலைக் கழித்தது; தளத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே தீர்வு உண்டு, அதுவும் எண்ணற்றவை. வலப்பக்கம் (1, 0, 0) என்றால் அது தளத்துக்கு வெளியே நிற்கிறது, தீர்வே இல்லை. உங்களுக்கு வேண்டியது இந்தப் பார்வைதான். நிஜத் தரவுகள் அநேகமாக அந்தத் தளத்துக்கு வெளியேதான் இருக்கும். தளத்தில் அவற்றுக்கு மிக அருகிலுள்ள புள்ளி எது என்று தேடுவதே மீச்சிறு வர்க்க முறை. புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் அதற்கானது.

2016இல் வந்த ஐந்தாம் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். 2023இல் வந்த ஆறாம் பதிப்புதான் வேண்டும் என்பதில்லை. 1 முதல் 4 வரை வரிசையாக, பிறகு 6 (ஐகன் மதிப்புகள்: சில வெக்டர்களை அவற்றின் கோட்டிலிருந்து விலக்காமல் அணி எத்தனை மடங்காக்குகிறது என்பது), 7 (எஸ்.வி.டி.: எந்த அணியையும் மூன்று எளிய அணிகளின் பெருக்கலாகப் பிரிப்பது). அணிக்கோவை பற்றிய 5ஆம் அத்தியாயத்தை உங்களால் இரண்டு மாலைகளில் முடிக்க முடியும். எம்.ஐ.டி.யில் அவர் நடத்திய 18.06 என்ற பாடத்தின் வீடியோக்கள் இலவசம். ஆனால் வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அதனால் பாடப் பகுதியைப் படித்து நான்கு கணக்காவது போட்ட பிறகே வீடியோவைத் திறங்கள்.

பெரும்பாலோர் நின்றுவிடுவது மூன்றாம் அத்தியாயத்தில். முதலாவது வெக்டர் அறிமுகம், இரண்டாவது காஸ் நீக்கல் முறையின் நீட்சி; இரண்டும் கை பழகியவை. மூன்றாவது, ‘எந்தெந்த வலப்பக்கங்களுக்குத் தீர்வு உண்டு?’ என்று கேட்கிறது. அதற்கு விடை ஓர் எண் அல்ல, ஒரு வெளி (ஸ்பேஸ்). இந்த அத்தியாயத்துக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். இங்கே அவசரப்பட்டவர்கள் ஐகன் மதிப்புகளில் திண்டாடுவார்கள். குறியீட்டில் ஒரு விஷயம்: அவர் அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு எழுதும் வெக்டர் படுக்கையாகத் தெரிந்தாலும் அது நிரல்தான். நிரை என்று எடுத்துக்கொண்டால் பெருக்கல் எதுவும் ஒத்துவராது.

ஸ்ட்ராங் பேசுவதுபோல எழுதுகிறவர். வரையறையும் தேற்றமும் கட்டம் கட்டித் தனியே நின்றால்தான் மனதில் பதியும் என்பவர்களுக்கு டேவிட் லே எழுதியது பொருந்தும். பாய்டும் வாண்டன்பர்கும் எழுதிய பயன்பாட்டு நூல் (2018) இலவசமாகக் கிடைக்கிறது, மீச்சிறு வர்க்க முறைக்கு அருமையானது. ஆனால் அதில் ஐகன் மதிப்பும் எஸ்.வி.டி.யும் இல்லை, ஒரே புத்தகம் என்றால் அது போதாது.

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன், சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுத வேண்டும். ஷெல்டன் ஆக்ஸ்லரின் ‘லீனியர் அல்ஜீப்ரா டன் ரைட்’ சிறந்தது என்கிறார்கள். ஆனால் அதில் அணிக்கோவை கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. அதை நம்பலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக நம்பலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அணிக்கோவையைத் தள்ளிவைப்பதால் என்ன லாபம் என்பதை ஒரு நிரூபணத்தில் காணலாம். கலப்பெண்கள் மீது அமைந்த, பரிமாணம் 3 உள்ள வெளியில் ஒரு நேரியல் உருமாற்றம். அதற்கு ஐகன் மதிப்பு உண்டு என்று காட்ட வேண்டும். பூஜ்ஜியம் அல்லாத ஒரு வெக்டரை எடுத்து, அதன்மேல் உருமாற்றத்தை ஒரு முறை, இரு முறை, மூன்று முறை செலுத்துங்கள். தொடக்க வெக்டரோடு சேர்த்து நான்கு வெக்டர்கள். பரிமாணம் 3 என்பதால் அவை நேரியல் சார்புடையவை. அந்தச் சார்பை உருமாற்றத்தின் பல்லுறுப்புக்கோவையாக எழுதி, ஒருபடிக் காரணிகளாகப் பிரித்தால், ஏதோ ஒரு காரணி பூஜ்ஜியமல்லாத வெக்டர் ஒன்றைப் பூஜ்ஜியமாக்கியே தீர வேண்டும். அந்தக் காரணியில் இருக்கும் எண்தான் ஐகன் மதிப்பு. அணிக்கோவையே தேவைப்படவில்லை. காரணிப்படுத்தும் இடத்தில்தான் கலப்பெண்கள் வேண்டும். மெய்யெண்களில் 90 பாகை சுழற்சிக்கு ஐகன் மதிப்பு இல்லாமல் போவது அதனால்தான்.

குறை எங்கே? ஆக்ஸ்லர் மெய்யெண், கலப்பெண் இரண்டோடு நின்றுவிடுகிறார். நெட் தேர்விலோ முடிவுறு களங்கள் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்ய முடிகிற, எண்ணி முடிக்கக்கூடிய உறுப்புகள் கொண்ட தொகுதிகள்) மீதான கேள்விகள் வரும். உதாரணமாக, 0, 1 என்ற இரண்டே உறுப்புகள் கொண்ட களத்தில் நேர்மாறு உள்ள 2×2 அணிகள் எத்தனை? முதல் நிரல் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது: 3 வழிகள். இரண்டாவது, முதலாவதின் மடங்காக இருக்கக் கூடாது: 2 வழிகள். ஆக 6. இந்த வகைப் பழக்கத்துக்கு எந்தக் களத்தையும் எடுத்துக்கொண்டு பேசும் ஹாஃப்மன்–குன்ஸே (இரண்டாம் பதிப்பு, 1971) வேண்டும். இந்தியப் பதிப்பு மலிவாகவே கிடைக்கும். நடை இறுக்கமானது, முதல் வாசிப்புக்கு அதை எடுத்துப் பாதியில் மூடிவைத்தவர்கள் ஏராளம். ஆகவே ஆக்ஸ்லரை முதலில் முடியுங்கள் (நான்காம் பதிப்பின் பிடிஎஃப்பை ஆசிரியரே இலவசமாகத் தருகிறார்). பிறகு ஹாஃப்மன்–குன்ஸேயில் 5, 6, 7 அத்தியாயங்கள்: அணிக்கோவை, நியம வடிவங்கள், ஜோர்டான் வடிவம். வடிவியலாகப் பார்க்க விரும்பினால் எஸ். குமரேசனின் நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சிகளுக்கு விடை இல்லாத புத்தகத்தைத் தனியாகப் படிக்கிறவர், போட்டது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: விடை இல்லாமல் முடியாது என்று தோன்றினால் ஜிம் ஹெஃபரனின் நூலை எடுங்கள். நூலும் எல்லாப் பயிற்சிகளுக்குமான முழு விடைகளும் இலவசம். விடைப் பக்கத்தைத் திறக்கும் முன் அரை மணி நேரமாவது முயல வேண்டும்.

நிரூபணக் கணக்குகளில் இரண்டு சோதனைகள் உதவும். கேள்வியில் தந்த ஒவ்வொரு நிபந்தனையும் உங்கள் நிரூபணத்தில் எந்த வரியில் பயன்பட்டது என்று அடிக்கோடிடுங்கள். ஒன்று பயன்படவே இல்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது. அடுத்து, பூஜ்ஜிய வெக்டர், பூஜ்ஜிய அணி, 1×1 அணி ஆகியவற்றுக்கு உங்கள் வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். ‘ஒரு பேஸிஸை (வெளி முழுவதையும் உருவாக்கும், ஒன்றையொன்று சாராத வெக்டர்களை) எடுத்துக்கொள்வோம்’ என்று தொடங்கும் வாதங்கள், பூஜ்ஜிய வெக்டர் மட்டுமே உள்ள பூஜ்ஜிய வெளியில்தான் அதிகம் சறுக்கும்.

எண் கணக்குகளைக் கணினியில் சரிபார்க்கலாம், எச்சரிக்கையோடு. முதல் பதிலில் பார்த்த 1 முதல் 9 வரையிலான அணியின் அணிக்கோவையை பைத்தானின் நம்பை நூலகத்தில் கேட்டால், 0 வராமல் 10இன் −16ஆம் அடுக்கை ஒட்டிய ஒரு துளி எண் வரக்கூடும். நீக்கல் முறையில் இடையே வரும் பின்னங்களைக் கணினி தோராயமாகவே சேமிக்கிறது. அந்தப் பிசகு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை நம்பி நேர்மாறு கேட்டால் பிரம்மாண்டமான, பொருளற்ற எண்கள் வந்து நிற்கும். அணிக்கோவையை விட்டுவிட்டுத் தரத்தைக் கேளுங்கள். 2 என்று சரியாகச் சொல்லும்.

கேள்வி: ஸ்ட்ராங்கின் ‘லீனியர் அல்ஜீப்ரா அண்ட் இட்ஸ் அப்ளிகேஷன்ஸ்’ கேட்டேன். அதே பெயரில் வேறொருவர் எழுதியது வந்திருக்கிறது. போலியா?
– வாசகர், மதுரை

பதில்: போலி அல்ல. ஸ்ட்ராங், டேவிட் லே, பீட்டர் லாக்ஸ் மூவருக்குமே அந்தத் தலைப்பில் புத்தகம் உண்டு. வாங்கும்போது தலைப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரையும் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் பாருங்கள். வந்தது லேயுடையது என்றால் வைத்துக்கொள்ளலாம்; ஒற்றைப்படை எண் பயிற்சிகளுக்குப் பின்பக்கத்தில் விடை இருப்பதால் தனியாகப் படிக்க வசதி. லாக்ஸ் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். அது மேற்படிப்பு மாணவர்களுக்கானது.