பையன் ஐஸ் ஹாக்கி ப்ளேயர் ஆகணும்ங்கிறான், லுகியோ (மேல்நிலைப் பள்ளி) வேண்டாம்ங்கிறான்: ஃபின்லாந்து எஸ்பூல இருக்க ஒரு அம்மாவுக்கு பதில்

அக்கா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பையனுக்கு 14 வயசு, எட்டாம் கிளாஸ், கணக்குல பத்துக்கு 9 வாங்குறான், வாரத்துல நாலு நாள் ஐஸ்ல இருக்கான், இப்ப திடீர்னு "நான் ஹாக்கிதான், படிப்பெல்லாம் அப்புறம்"னு சொல்லிட்டான், அவங்க அப்பா ஆபீஸ் முடிஞ்சு வந்ததும் வீட்ல தெனமும் பஞ்சாயத்து. இந்த மாதிரி கேஸ் எஸ்பூல இருந்து எனக்கு வர்றது இது மொத தடவ இல்ல. ஐடி வேலைக்குன்னு இங்க வந்து செட்டில் ஆன நம்மாளுங்க பிள்ளைங்க இந்த ஊர் பிள்ளைங்களாதான் வளருதுங்க, இந்த ஊர் ஆசைதான வரும்.

"இதுல சோறு கெடைக்குமா"ன்னு கேட்டீங்க. கெடைக்கும், ஆனா கொஞ்ச பேருக்கு, அதுவும் கொஞ்ச வருஷத்துக்கு. ஃபின்லாந்தோட டாப் லீக் பேரு லீகா, 2024ல கீக்கோ எஸ்பூ சேர்ந்தப்ப மொத்தம் 16 டீம் ஆச்சு, ஒரு டீமுக்கு சுமாரா 25 பேருன்னு வச்சுக்கிட்டா நாடு முழுக்க ஒரு 400 சீட்டு, அதுலயும் வெளிநாட்டு ப்ளேயர்ஸ் கொஞ்சம் பேர் உக்காந்திருப்பாங்க. அதுக்கு கீழ மெஸ்டிஸ், அங்க ஆடுற பல பேர் பக்கத்துல ஒரு வேலையோ படிப்போ வச்சிருப்பாங்க, ஏன்னா அந்த சம்பளத்துல மட்டும் வாடகை கட்ட முடியாது. லீகால நல்லா ஆடுனவங்க ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனின்னு போவாங்க, அங்க கைக்கு கொஞ்சம் கூட வரும். முன்னெல்லாம் ரஷ்யா லீக்கும் ஒரு பெரிய வழியா இருந்துச்சு, ஹெல்சிங்கியோட யோக்கெரிட் டீமே 2014ல அந்த லீக்குக்கு போச்சு, 2022 பிப்ரவரில போர் வந்ததும் ஒரே வாரத்துல விலகிடுச்சு. டீமுக்கே இந்த கதின்னா ப்ளேயரோட கான்ட்ராக்ட் என்னாகும்னு யோசிச்சுக்கோங்க.

அப்புறம் என்எச்எல், அதாவது அமெரிக்கா-கனடாவோட பெரிய லீக். பையன் மனசுல ஓடுறது அதுதான், எனக்கு தெரியும். மிரோ ஹெய்ஸ்கனென் எஸ்பூல பொறந்த பையன், 2017 ட்ராஃப்ட்ல (என்எச்எல் டீமுங்க வரிசையா இளம் ப்ளேயர்ஸ தேர்ந்தெடுக்குற ஏற்பாடு) மூணாவது ஆளா டல்லாஸ் டீம் எடுத்துச்சு, அதனால எஸ்பூல ஹாக்கி ஆடுற எந்த பையன கேட்டாலும் அந்த பேரு வரும். ஆனா நான் எப்பவும் சொல்ற கதை வேற.

2004 ட்ராஃப்ட்ல 258ஆவது ஆளா பெக்கா ரின்னேன்னு ஒரு கோலிய (கோல்கீப்பர) நாஷ்வில் டீம் எடுத்துச்சு. அப்ப அவரு ஔலு ஊரு கேர்பேட் டீம்ல மெயின் கோலி கூட இல்ல, பெஞ்சுல உக்காந்திருந்த ரெண்டாவது கோலி. அவருக்கு ரெண்டு எடம் கீழ, 260ஆவதா, மார்க்கோ அன்ட்டிலான்னு ஒரு 203 சென்டிமீட்டர் ஒசர ஆள சிகாகோ எடுத்துச்சு. ரின்னே பதினஞ்சு வருஷம் நாஷ்வில்லயே நின்னு 2018ல சிறந்த கோலிக்கான வெசினா ட்ராஃபி வாங்குனாரு. அன்ட்டிலா என்எச்எல்ல ஒரே ஒரு மேட்ச் கூட ஆடல. லெம்பாலான்னு ஒரு சின்ன ஊர்ல ஆரம்பிச்சு, டீம் டீமா மாறி, ரொம்ப நாள் யாரும் பெருசா கண்டுக்காம இருந்த ஆளு, 2019 வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல கேப்டனா வந்து ஃபைனல்ல கனடாவுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டு 3-1னு ஜெயிச்சு கொடுத்துட்டாரு. இன்னொன்னு கவனிங்க, இப்ப ட்ராஃப்ட்ல ஏழே ரவுண்டு, 32 டீம், மொத்தம் 224 பேருதான், இன்னைக்கா இருந்தா இந்த ரெண்டு நம்பருமே லிஸ்ட்ல கெடையாது. இதச் சொல்றது "எல்லாம் நடக்கும்"னு நம்பிக்கை ஊட்ட இல்லக்கா. 18 வயசு வரைக்கும் யாரு எங்க போவாங்கன்னு தெரியாத தொழில் இது, அப்படி இருக்க தொழிலுக்காக 15 வயசுல படிப்ப மூடுறது கணக்கு பாக்கத் தெரியாதவன் செய்ற வேல. உங்க பையனுக்குதான் கணக்கு நல்லா வருதே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீட்ல சண்ட "ஹாக்கியா படிப்பா"ன்னு ஓடுது, இந்த நாட்டுல அது சண்டையே இல்ல. ஸ்போர்ட்ஸ் லுகியோ இருக்கு, ஹெல்சிங்கில மேக்கெலன்ரின்னே, உங்க எஸ்பூலயே லெப்பவாரா. காலைல ட்ரெய்னிங் டைம்டேபிள்லயே வந்துடும், அதுக்கு க்ரெடிட்டும் உண்டு. சேர்றதுக்கு ஒன்பதாம் கிளாஸ் மார்க் சராசரியும் வேணும், விளையாட்டு பாயின்ட்டும் வேணும், அதாவது படிப்ப விட்டா ஹாக்கிக்கான பள்ளிக்கூடத்துக்கே சீட்டு கெடைக்காது. இத நீங்க சொன்னா கேக்க மாட்டான், அவனோட கோச்ச சொல்ல சொல்லுங்க. அப்ளை பண்றது ஒன்பதாம் கிளாஸ் பிப்ரவரி-மார்ச்ல, அதனால உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு.

உங்க வீட்டுக்காரருக்கு கசக்கப் போற விஷயம் ஒண்ணு இருக்கு. ஹாக்கி ஆடுற பையன் லுகியோவ நாலு வருஷத்துல முடிக்கட்டும். மூணு வருஷத்துல முடிச்சாதான் கெட்டிக்காரன்னு நம்மாளுங்களுக்கு ஒரு நெனப்பு, நாலு வருஷம்னா ஊர்ல இருக்க மாமாகிட்ட என்ன சொல்றதுன்னு ஒரு கவல. நாலு வருஷம் எடுத்தா அது ஃபெயில் இல்ல, இங்க ஸ்போர்ட்ஸ் பசங்க நெறைய பேர் அப்படித்தான் படிக்கிறாங்க, லுகியோ கடைசில வர்ற மெட்ரிக் பரீட்சையையும் தொடர்ந்து வர்ற மூணு பரீட்சை சீசனுக்கு பிரிச்சு எழுதலாம். ஆனா நீண்ட கணக்கு, இவங்க பித்கா மத்திக்காம்பாங்களே, அத மட்டும் விட வேண்டாம். டைம் இல்லன்னு கணக்கத்தான் பசங்க மொதல்ல கழட்டி விடுறாங்க, அப்புறம் 22 வயசுல முழங்கால் போய் இன்ஜினியரிங் பக்கம் திரும்பி பாத்தா வாசல்ல பெரிய பூட்டு தொங்கும்.

காசு விஷயம் நீங்க கேக்கல, ஆனா சொல்லிடுறேன். நல்ல ஸ்டிக் ஒண்ணு 300 யூரோ வரும், ஒரே ஷாட்ல ஒடியும், கால் வளர வளர ஸ்கேட்ஸ் மாத்தணும், கிளப் ஃபீஸ், டோர்னமென்ட், கார் பெட்ரோல்னு தனியா போகும். உங்களுக்கே தெரியும், ப்ராக்டிஸ் முடிஞ்சு வந்து அந்த நனைஞ்ச க்ளவுஸ வீட்டு சௌனாக்குள்ள (நீராவிக் குளியல் ரூம்) தொங்க விட்டா எந்த சாம்பார் வாசனையும் அதுகிட்ட நிக்க முடியாது. தங்கச்சி நீச்சல் க்ளாஸ நிறுத்தி அண்ணன் ஸ்டிக் வாங்குற நெலமை வந்தா மட்டும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்க. அப்புறம், "உங்க பையன பெரிய ஆளாக்குறேன், முன்பணம் கட்டுங்க"ன்னு ஒரு ஏஜென்ட் வந்தா காபி கூட கொடுக்காம அனுப்பிடுங்க, ஒழுங்கான ஏஜென்ட் கான்ட்ராக்ட் வந்தப்புறம்தான் பெர்சன்டேஜ் எடுப்பாரு.

தலையில அடிபடுறத பத்தி கண்டிப்பா பேசுங்க. ஹெல்மெட் மண்டைய காப்பாத்தும், உள்ள மூளை குலுங்குறத நிறுத்தாது. அடுத்த மேட்ச் போயிடுமேன்னு பசங்க தலைவலிய மறைப்பாங்க, இவன் உங்ககிட்ட மறைக்காத அளவுக்கு வீட்ல சத்தம் குறையணும், அதுக்காகவாவது பஞ்சாயத்த நிறுத்துங்க.

நேஷனல் டீம் கனவு இருந்தா பாஸ்போர்ட் கேள்வி வரும். லேயோனட், அதாவது ஃபின்லாந்து நேஷனல் டீம், ஜெர்சி போடணும்னா ஃபின்லாந்து குடியுரிமை வேணும், இந்தியா ரெட்டை குடியுரிமை தராது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்கு தர்ற ஓசிஐ கார்டுதான். குடியுரிமை வந்தா பையனுக்கு ராணுவ சேவையும் சேர்ந்தே வரும், இத நம்ம வீடுகள்ல யாருமே முன்னாடி யோசிக்கிறது இல்ல. பயப்பட வேண்டாம், ஹெல்சிங்கி சாந்தஹமினால ராணுவத்தோட ஸ்போர்ட்ஸ் ஸ்கூல் இருக்கு, தேர்வானா ட்ரெய்னிங்க விடாம சேவைய முடிக்கலாம். குடியுரிமை வேணுமா வேண்டாமாங்கிறது உங்க குடும்ப முடிவு, அதுல நான் வாய் வைக்க மாட்டேன்.

ஆடி முடிச்சப்புறம் என்னன்னு அவங்க அப்பா கேப்பாரு. இங்க ப்ளேயருக்கு பென்ஷனும் விபத்து காப்பீடும் மத்த வேலைக்காரங்க மாதிரி இல்ல, தனி சட்டம். சம்பாதிக்கிற காலத்துல ஒரு பங்க விளையாட்டு வீரர் நிதில போட்டு வரிய தள்ளி வச்சு, ஆட்டம் முடிஞ்சப்புறம் எடுக்குற ஏற்பாடு இருக்கு, கான்ட்ராக்ட் கையெழுத்தாகுற அன்னைக்கே இத கேக்கணும். வியெருமாக்கி ஸ்போர்ட்ஸ் இன்ஸ்டிடியூட்ல கோச்சிங் டிகிரி படிக்கலாம், ஃபிசியோ ஆகலாம். ஃபின்லாந்து ஸ்டார் ப்ளேயர் தேமு செலன்னே என்எச்எல் போறதுக்கு முன்னாடி கிண்டர்கார்டன் டீச்சரா வேல பாத்தவரு, போன மொத சீசன்லயே, 1992-93ல, 76 கோல். அவங்க அப்பாகிட்ட இத சொல்லுங்க, சிரிப்பாரு.

இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு செய்ங்க, வில்மால (ஸ்கூலோட பேசுற ஆப்) ஸ்கூல் ஓப்போவுக்கு, அதாவது படிப்பு ஆலோசகருக்கு, ஒரு மெசேஜ் போட்டு ஸ்போர்ட்ஸ் லுகியோக்கு போன வருஷம் எவ்வளவு சராசரி தேவைப்பட்டுச்சுன்னு கேளுங்க. அந்த நம்பர ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அப்புறம் மூணு பேருமா எங்கிட்ட வாங்க, செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்கு அவனுக்கு ஐஸ் டைம்னு நீங்களே எழுதியிருக்கீங்க.