காபி விவசாயிகளை நிழல் மரங்களின் பக்கம் கொண்டுவருவது எப்படி?

காபி விவசாயிகளிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தி வேளாண் காடு முறைக்கு (பயிரோடு மரங்களையும் சேர்த்து வளர்ப்பது) எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். விழிப்புணர்வு இல்லாததுதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. அரபிகா என்ற காபி வகை, எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்த செடி. நிழலில் வளர்ப்பதுதான் பழைய முறை. 1970-ல் பிரேசிலில் காபி இலைகளைத் தாக்கும் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் தென்பட்டதும், அது பரவிவிடும் என்ற பயத்தில் மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் நிழலைக் குறைத்து, குட்டை ரகங்களை நெருக்கி நட்டு, உரம் போடச் சொன்னவர்கள் நிபுணர்கள்தான். அன்று வெட்டச் சொன்ன வாயே இன்று நடச் சொன்னால் விவசாயி தயங்கத்தானே செய்வார்?

அதனால் முதலில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். உரமும் தண்ணீரும் தாராளமாக இருந்தால் வெயில் தோட்டம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காய்க்கும். இதை மறைத்தால் அடுத்த அறுவடையிலேயே குட்டு உடைந்துவிடும். நிழலின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்துவிட்டு மறுவருடம் செடி ஓய்ந்துபோவது குறையும். முள்முருங்கை போன்ற மரங்கள் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுப்பதால் உரச் செலவு இறங்கும். விளைச்சலைப் பற்றிப் பேசாமல் செலவு போக மிஞ்சுவதைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார். நிழல் மிஞ்சினால் காய்ப்பு அடிபடும், கிளை கழிக்கக் கூலி ஆகும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று: மரம் யாருக்குச் சொந்தம்? பல நாடுகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவே அனுமதி வாங்க வேண்டும். அவசரத்துக்கு விற்க முடியாத மரத்தை ஒருவர் ஏன் வளர்க்க வேண்டும்? முளைக்கும்போதே பிடுங்கிப் போடுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் (அது காபி நாடு இல்லை, சரி) மரம் தங்களுடையது என்ற நம்பிக்கை வந்த பிறகு, வயலில் தானாக முளைத்த மரங்களை விவசாயிகளே பல லட்சம் ஹெக்டேரில் காப்பாற்றி வளர்த்தார்கள். இலவசக் கன்றுகளை லாரியில் கொண்டுவந்து இறக்குவதைவிட, நட்டவர் பெயரில் மரத்தைப் பதிந்து கொடுப்பது அதிகம் வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

சான்றிதழ் உதவும்தான், ஆனால் அதை முதல் தூண்டிலாகப் போட மாட்டேன். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், பறவைகளுக்கு இடம் தரும் நிழல் தோட்டக் காபிக்குக் கொடுக்கும் 'பேர்ட் ஃப்ரெண்ட்லி' முத்திரைக்கு 40 சதவீத நிழலும் 10 வகை மரங்களும் இருந்தால் போதாது, இயற்கை விவசாயச் சான்றும் வேண்டும். இரண்டு ஏக்கர்காரர் தனியாக அந்தச் செலவைத் தாங்க மாட்டார்; கூட்டுறவுச் சங்கம் மூலமாகப் போனால் உண்டு.

மரம் நிழல் தரச் சில வருடங்கள் ஆகும். அதுவரை இடையில் வாழை நடச் சொல்லலாம். நிழலுக்கு நிழல், தாருக்குக் காசு. முழுத் தோட்டத்தையும் மாற்றச் சொல்லாமல் ஓரத்தில் இரண்டு வரிசையோடு ஆரம்பியுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் கன்று கேட்டு வந்தால், அடுத்த கூட்டத்தில் உங்களுக்குப் பதிலாக மரம் நட்டவரையும் கன்று கேட்டு வந்தவரையும் பேச விடுங்கள்.