பழைய டேப்பும் புதிய விண்டோஸும்

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பழைய கணக்குகள், விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த பேக்கப் நிரலால் டி.டி.எஸ்-4 எனும் தரவு சேமிப்பு டேப்புகளில் (சிறு காந்த நாடா கேசட்டுகளில்) பதியப்பட்டுள்ளன. அந்த டேப் டிரைவை விண்டோஸ் 10 கணினியில் இணைத்துப் படிக்க இயலுமா?

பதில்: அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். டி.டி.எஸ்-4 டிரைவுகள் பெரும்பாலும் ஸ்கஸி (SCSI) எனும் பழைய இணைப்பு வகையைச் சேர்ந்தவை. அதற்கான பழைய அட்டைகளைச் செருகும் பி.சி.ஐ. ஸ்லாட் புதிய மதர்போர்டுகளில் அரிது. அட்டையும் அதை இயக்கும் 64 பிட் டிரைவர் மென்பொருளும் கிடைத்து, கணினி டிரைவை அடையாளம் கண்டுகொண்டாலும்கூட, எக்ஸ்பியில் இருந்த என்.டி.பேக்கப் நிரல் விஸ்டாவிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், டேப்பில் உள்ள கோப்புகளை மீட்கும் கருவி விண்டோஸ் 10இல் உடன் வருவதில்லை. லினக்ஸ் இத்தகைய டிரைவுகளை இன்றும் இயக்கும். ஆனால் மைக்ரோசாஃப்டின் டேப் வடிவத்தை லினக்ஸில் டேப்புகளைப் படிக்க வழக்கமாகப் பயன்படும் 'டார்' (tar) கட்டளை பிரித்துத் தராது.

ஆகவே, அந்தப் பழைய எக்ஸ்பி கணினி இன்னும் இயங்குமானால், தயவுசெய்து அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; அதிலேயே என்.டி.பேக்கப் மூலம் டேப்புகளை மீட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு டேப்பிலும் எழுதுவதைத் தடுக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்திவிட்டு, துப்புரவு கேசட்டால் டிரைவின் ஹெட்டைத் துடைத்த பின்னரே டேப்பைச் செருகுங்கள். மீட்ட கோப்புகளை யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பதே எளிது. கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர எக்ஸ்பி பயன்படுத்தும் பழைய நெறிமுறை (SMB1) விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளில் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால், நெட்வொர்க் வழி சிக்கலாகலாம். டிஸ்க்கில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட: ஒரு டேப்பின் கொள்ளளவு, சுருக்காத நிலையில், 20 ஜிபி மட்டுமே.